தாளம் தப்பும் நாடி: மலையோரக் குடும்பங்களுக்கு ஓர் இதயப் பாடம்

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் உறைகட்டி அடைத்துப் பக்கவாதம் வந்தால், அக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்து, மூளைக்குள் இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பெரிய மருத்துவமனைகள் நிறைந்த கொச்சி, மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். வளைவுகள் மிகுந்த மலைச்சாலையில் நல்ல பகற்பொழுதிலேயே நான்கு மணி நேரம் ஆகிவிடும். எஸ்டேட்டின் கடைக்கோடி டிவிஷனிலிருந்து ஜீப்பில் மூணாறு நகருக்கு வந்து சேரும் நேரம் இக்கணக்கில் சேரவில்லை. மழைக்காலத்தில் மண் சரிந்தால் கணக்கே வேறு. இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதையும் கிடையாது.

தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, "விரைந்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள்" என்ற அறிவுரை மட்டும் போதாமல் போவது இதனால்தான். பாலக்காட்டு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதியினருக்குக் கோயம்புத்தூர் அருகில் இருப்பதால் நிலைமை சற்று எளிது. ஆனால் அங்கும், இரவில் உறங்கும்போது வந்த பக்கவாதம் காலையில் கண் விழிக்கும்போதுதான் தெரிகிறது. அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது.

பக்கவாதம் வருவதற்கு முன்பே அதன் காரணத்தைப் பிடித்துவிட முடியுமா? எல்லாக் காரணங்களையும் முடியாது. ஒன்றை மட்டும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே, மூன்று விரல்களாலோ உள்ளங்கையளவுக் கருவியாலோ பெரும்பாலும் அறிந்துகொள்ள முடியும். அதுவே மேலறை நடுக்கம். மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பர். மருந்துச் சீட்டில் ஏ.எஃப். என்ற இரண்டு எழுத்தாகச் சுருங்கிக் கிடக்கும்.

மேலறையில் நடப்பது

இதயத்தின் வலது மேலறையின் உச்சியில் சைனஸ் கணு என்னும் சிறு தசைத் திரள் இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பின் ஆணையும் அங்கிருந்தே பிறக்கிறது. அங்கு எழும் மின்தூண்டல் இரு மேலறைகளிலும் பரவி, நடுவிலுள்ள ஏவி கணுவில் ஓர் இமைப்பொழுது தாமதித்து, பின் கீழறைகளுக்கு இறங்குகிறது. முதலில் மேலறை சுருங்கும்; அடுத்துக் கீழறை சுருங்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இந்த வரிசை பிசகாமல் நடக்கிறது.

மேலறை நடுக்கம் ஏற்பட்டவரிடம், சைனஸ் கணுவின் ஆணை அமுங்கிப்போகிறது. மேலறைத் தசையில் நிமிடத்திற்கு 300 முதல் 600 வரையிலான தூண்டல்கள் ஒழுங்கின்றி எழுகின்றன. மேலறை சுருங்குவதற்கு மாறாக வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கிறது. ஏவி கணு வாயிற்காவலர்போல் நின்று பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடும். தப்பி இறங்குபவை கீழறையைத் தாறுமாறாக ஓட வைக்கும்.

இதனால் உடனே உயிர் போய்விடுவதில்லை. பலருக்கு எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. சிலருக்குப் படபடப்பு, தலைசுற்றல், மேடேறும்போது வழக்கத்திற்கு மாறான மூச்சிரைப்பு. மலைச்சரிவில் நாள்தோறும் ஏறி இறங்குபவர் அதை வயதின் மேல் போட்டுவிடுவார். ஆபத்து வேறோரிடத்தில் இருக்கிறது. இடது மேலறையின் பக்கவாட்டில் காதுமடல் போன்ற சிறு பை ஒன்று உண்டு. மேலறை சுருங்காதபோது அப்பையில் இரத்தம் தேங்குகிறது. தேங்கிய இரத்தம் உறைகிறது. வால்வு நோய் இல்லாத மேலறை நடுக்கக்காரர்களிடம் உருவாகும் உறைகட்டிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இப்பையிலேயே தோன்றுகின்றன. கட்டி ஒருநாள் பெயர்ந்து இரத்த ஓட்டத்தோடு கழுத்தின் வழியே மேலேறினால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகர மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, மேலறை நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 1991-இல் கணக்கிட்டது. இவ்வகைப் பக்கவாதம் பெரும்பாலும் கடுமையாகவே இருக்கும். பெரிய குழாயை அடைக்கும் பெரிய கட்டி என்பதே காரணம்.

விரல்களுக்குத் தெரிவது

நாடி பிடித்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று பிரித்தறிவார். நாம் இங்குத் தேடுவது அவ்வளவு நுட்பமானதன்று. துடிப்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளி சீராக இருக்கிறதா, இல்லையா என்பதே கேள்வி.

ஐந்து நிமிடம் அமைதியாக அமர வேண்டும். காப்பியோ தேநீரோ அருந்தியவுடனும், பீடி புகைத்தவுடனும், ஏற்றம் ஏறி வந்தவுடனும் பார்ப்பதில் பயனில்லை. இடக்கையை மேசைமேல் உள்ளங்கை மேல்நோக்க வைத்து, பெருவிரலின் அடியில், மணிக்கட்டு எலும்புக்கு உட்புறமாக வலக்கையின் நடு மூன்று விரல்களை மெல்ல வைக்க வேண்டும். பெருவிரலால் பார்க்கக் கூடாது. அதற்கே துடிப்பு உண்டு. முழுமையாக 60 நொடிகள் எண்ண வேண்டும். 15 நொடிகள் எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழி சீரான நாடிக்கே பொருந்தும். சீரற்ற நாடியில் அது பிழையான விடையையே தரும்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். சீராக ஓடிக்கொண்டிருக்கும் நாடியில் எப்போதாவது ஒரு துடிப்பு முந்தி வந்து, அடுத்தது சற்றுப் பிந்தி வரலாம். "நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போயிற்று" என்று பலர் அஞ்சுவது இதைத்தான். மத்தளக்காரர் ஓரடியைச் சற்று முன்னே போட்டுவிட்டு மீண்டும் தாளத்துக்குத் திரும்புவது போன்றது அது. பெரும்பாலும் தீங்கற்றது. மேலறை நடுக்கத்தில் திரும்புவதற்குத் தாளமே இருக்காது. தகரக் கூரையில் விழும் மழைத்துளிகளைப்போல, அடுத்தது எப்போது விழும் என்று சொல்ல முடியாதபடி துடிப்புகள் வரும். ஒன்று வலிமையாகவும் ஒன்று மெலிந்தும் வரும். (எஸ்டேட் வீட்டு வரிசையை லயம் என்கிறோம், இசையின் கால ஒழுங்கும் லயமே. லயத்துக் கூரைமேல் லயமில்லாத ஓசை என்று சொன்னால் மூணாற்றுக்காரர் எவரும் இந்நோயின் நாடியை மறக்க மாட்டார்.)

சீரற்ற நாடியைக் கண்டவுடன் நோய் உறுதியாகிவிட்டது என்று பொருளில்லை. விரல் ஐயத்தை எழுப்பும். இசிஜியே அதைத் தீர்க்கும். நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த கருவிதான் இன்றைய இசிஜியின் முன்னோடி. அதற்காக 1924-இல் அவருக்கு நோபெல் பரிசு கிட்டியது. அக்கருவியைக் கொண்டு லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ், நெடுங்காலமாகப் பெயரறியாமல் இருந்த அந்தத் தாறுமாறான நாடிக்கு மேலறை நடுக்கமே காரணம் என்று 1909-இல் காட்டினார். இசிஜி தாளில் இரு அடையாளங்கள் தேடப்படுகின்றன: உயர்ந்த முனைகளுக்கு இடையே சமமற்ற இடைவெளி, ஒவ்வொரு முனைக்கும் முன்னால் வரவேண்டிய 'பி' என்னும் சிறு மேடு இல்லாமை.

வீட்டில் ஏன் பார்க்க வேண்டும்

மருத்துவமனையில் எடுக்கும் வழக்கமான இசிஜி 10 நொடிகளைப் பதிவு செய்கிறது. ஒரு நாளில் 86,400 நொடிகள் உள்ளன. மேலறை நடுக்கம் தொடக்கக் காலத்தில் வந்து வந்து போகும் இயல்புடையது. விடியற்காலையில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுத் தானே நின்றுவிடலாம். அன்று பகலில் ஒருநாள் கூலியையும் ஜீப் வாடகையையும் இழந்து மருத்துவமனைக்குச் சென்றவருக்கு, இசிஜி சரியாக இருக்கிறது என்ற விடையே கிடைக்கும். அந்த விடை பொய்யன்று. அந்தப் பத்து நொடிக்கு மட்டும் உரியது. 24 மணி நேரம் உடலிலேயே மாட்டிவிடும் ஹோல்ட்டர் கருவியும் அந்த ஒரு நாளை மட்டுமே அறியும்.

வீட்டிலிருக்கும் கருவியின் சிறப்பு, தொல்லை தெரியும் வேளையிலேயே பதிவு செய்யலாம் என்பதும், தொல்லை இல்லாதபோதும் திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்பதும் ஆகும். வேல்ஸ் நாட்டில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று இதை அளந்தது. 65 வயதைக் கடந்த 1,001 பேரில் ஒரு பாதியினர் கைபேசியோடு இணையும் சிறு இசிஜி கருவியால் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 30 நொடி, ஓராண்டு முழுவதும் பதிவு செய்தனர். மறுபாதியினர் வழக்கமான மருத்துவக் கவனிப்பில் இருந்தனர். கருவி வைத்திருந்தோரில் 19 பேருக்கும், மற்றவரில் ஐவருக்கும் மேலறை நடுக்கம் கண்டுபிடிக்கப்பட்டது.

கேரளத்து எண்கள்

கேரளத்தில் இந்நோயின் முகம் எப்படிப்பட்டது என்பதற்கு நம்மிடம் நல்லதொரு ஆவணம் இருக்கிறது. இதயவியல் சங்கத்தின் கேரளக் கிளை தொடங்கிய மேலறை நடுக்கப் பதிவேட்டில், 2016 ஏப்ரல் முதல் 2017 ஏப்ரல் வரை 53 மருத்துவமனைகளிலிருந்து 3,421 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் பெண்கள். நடுவயது 65. மேலைநாடுகளில் இந்நோய் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்களின் நோய். அகில இந்திய அளவில் 2011–12-இல் 24 மையங்களில் 1,537 நோயாளிகளைப் பதிந்த மற்றொரு பதிவேட்டில் சராசரி வயது 55-ஐ ஒட்டியே இருந்தது; அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ருமாட்டிக் காய்ச்சலால் கெட்டுப்போன இதய வால்வு இருந்தது.

இந்தக் கடைசிச் செய்தி நம் பகுதிக்கு மிகவும் வேண்டியது. சிறு வயதில் நெருக்கமான குடியிருப்பில் தொண்டைப்புண் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். அது சிலருக்கு மூட்டுவீக்கத்தோடு கூடிய ருமாட்டிக் காய்ச்சலாகி, பல ஆண்டுகள் கழித்து மிட்ரல் வால்வைச் சுருக்கிவிடும். வால்வு சுருங்கியவரின் இடது மேலறை வீங்கி, முப்பது, நாற்பது வயதிலேயே நடுங்கத் தொடங்கலாம். ஆகவே கைக்கடிகார விளம்பரங்களில் வருவதுபோல இதை ஓய்வுபெற்றோரின் நோயாக மட்டும் எண்ணக் கூடாது. சிறு வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து, மாதந்தோறும் பென்சிலின் ஊசி போட்ட நினைவுள்ள பெண்மணி எவரேனும் வீட்டில் இருந்தால், அவருடைய நாடியை முதலில் பார்க்க வேண்டும். கருவுற்றிருக்கும் காலத்தில் மூச்சிரைப்பு மிகுந்தவர்களையும் இவ்வரிசையில் சேர்க்கலாம்.

ஏனைய காரணங்கள் பலரும் அறிந்தவை: உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடல் பருமன், மிகையாகச் சுரக்கும் தைராய்டு, குறட்டையோடு மூச்சுத் திணறும் உறக்கம், மது. சித்தூர் வட்டத்துத் தோப்புகளிலிருந்து கேரளம் முழுவதற்கும் கள் செல்கிறது. அதைப் பற்றிப் பேசினால் உள்ளூரில் நட்பு கெடும். ஆயினும் 2020-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், மேலறை நடுக்கமுள்ள 140 குடிப்பழக்கத்தினரில் மதுவைக் கைவிட்ட பிரிவினருக்கு நோய் திரும்ப வருவது கணிசமாகக் குறைந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

எந்தக் கருவி, எவ்வளவு நம்பிக்கை

நம் வீடுகளில் ஏற்கெனவே இருப்பவற்றிலிருந்து தொடங்கலாம். இரத்த அழுத்தம் பார்க்கும் மின்கருவிகள் பலவற்றில், துடிப்பு சீரற்றிருந்தால் இதய வடிவக் குறி ஒன்று மின்னும். அக்குறி ஒருமுறை தோன்றினால் கை அசைந்திருக்கலாம். ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று முறை பார்த்தும் தோன்றினால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மேலறை நடுக்கத்தைக் கண்டறியவே வடிவமைத்த அழுத்தக் கருவிகளும் உண்டு. அவற்றுள் ஒன்றை இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013-இலேயே பரிந்துரைத்தது. கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கும் விரல்மாட்டியும் உதவும். ஓய்வில் இருக்கும்போது அதில் நாடி எண் 72, 118, 85, 131 என்று குதித்துக்கொண்டே இருந்தால் ஐயப்பட இடமுண்டு. ஆனால் சனவரியில் லெட்சுமி, செண்டுவாரைப் பக்கம் புல்மேல் உறைபனி பூக்கும் காலையில் விரல் நுனிக்கு இரத்தம் சரியாகச் செல்லாது, எண்ணும் நிலைகொள்ளாது. கையைச் சூடாக்கிக்கொண்டு மீண்டும் பார்க்க வேண்டும்.

கைக்கடிகாரங்கள் இரு வகை. பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளப்பவை ஒருவகை. இவை நாடியைப் பார்க்கின்றனவே தவிர இசிஜி எடுப்பதில்லை. மறுகை விரலால் தொட்டு 30 நொடி இசிஜி பதிபவை இன்னொரு வகை, விலை கூடுதல். முதல்வகையின் நம்பகத்தை அமெரிக்காவில் 4,19,297 பேரிடம் சோதித்தனர். முடிவு 2019-இல் வெளிவந்தது. எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்களில் பின்னர் மார்பில் இசிஜி ஒட்டுப்பட்டை அணிந்து அனுப்பிய 450 பேரில் 34 விழுக்காட்டினருக்கு அந்த ஒட்டுப்பட்டையில் மேலறை நடுக்கம் பதிவானது. ஏனையோரில் சிலருக்கு நோய் வந்து போயிருக்கலாம். சிலருக்கு எச்சரிக்கையே தவறாகியிருக்கலாம். கடிகாரம் அழைத்தால் அஞ்ச வேண்டியதில்லை. அடுத்த இசிஜிக்கான அழைப்பாக அதை எடுத்துக்கொள்வது தகும்.

இரு கைகளின் விரல்களை இரு உலோகத் தகடுகளில் வைத்துப் பதியும் கையடக்க இசிஜி கருவியே இப்போதைக்கு வீட்டுக்கு ஏற்றது என்பது என் எண்ணம். குடும்பம் முழுவதற்கும் ஒன்று போதும். லயத்தின் ஒரு வரிசைக்கே ஒன்று போதும் என்றாலும் மிகையில்லை. நம் நாட்டிலேயே பாபா அணு ஆராய்ச்சி மையம், பன்னிரு வகைப் பதிவையும் எடுத்துக் கைபேசி வழியே மருத்துவருக்கு அனுப்பும் கையடக்க இசிஜி நுட்பத்தை உருவாக்கியுள்ளது. தனியார் கருவிகளும் பல விற்பனையில் இருக்கின்றன. வாங்கும்போது கவனிக்க வேண்டியது, பதிவை வலைத்தொடர்பு இன்றியும் கைபேசியிலேயே சேமிக்குமா என்பதாகும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தபோது, மின்சாரமும் தொலைத்தொடர்பும் இன்றி, அச்செய்தி வெளியுலகுக்கு எட்டவே மறுநாள் காலை ஆயிற்று. வலை இருந்தால்தான் இயங்குவேன் என்னும் கருவி இப்பகுதிக்கு உதவாது.

கொழுந்து பறித்துப் பறித்துக் காய்த்துப்போன விரல்களில் உலோகத் தகடு சரியாகப் பற்றாது. பதிவு கிறுக்கலாக வரும். விரல் நுனியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, ஈரம் காயும் முன் வைத்தால் சரியாகும். முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். பதியும் 30 நொடியும் பேசக் கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இக்கருவி மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு இறுகி, வியர்த்து, இடக்கைக்கோ தாடைக்கோ வலி பரவும்போது கருவியை எடுத்து வைத்துக்கொண்டு, "இயல்பு" என்று காட்டுகிறதே என ஆறுதல் கொள்வது உயிருக்கே ஆபத்து. அப்போது செய்ய வேண்டியது 108-ஐ அழைப்பது. மயக்கம் வந்தாலும், ஓய்வில் நாடி 120-ஐத் தாண்டி மூச்சு வாங்கினாலும், முகம் ஒருபக்கம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினாலும் அவ்வாறே.

எல்லோரும் பார்க்க வேண்டுமா

மருத்துவ உலகம் இதில் ஒருமனதாக இல்லை. டென்மார்க்கில் 6,004 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்குத் தோலுக்கடியில் இசிஜி பதிகருவியைப் பொருத்தித் தொடர்ந்து கண்காணித்தனர். மேலறை நடுக்கம் மூன்று மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆயினும் பக்கவாதம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. சில நிமிடமே வந்து போகும் நடுக்கத்தையெல்லாம் தேடிப் பிடிப்பதில் பயன் குறைவு என்று இதிலிருந்து தெரிகிறது. அதே ஆண்டில் வெளியான சுவீடன் ஆய்வில், 75, 76 வயதினரை அழைத்து, வீட்டிலேயே இரண்டு வாரம், நாளுக்கு இருமுறை கையடக்கக் கருவியில் இசிஜி பதியச் செய்தனர். அங்கே சிறிதளவு நன்மை தென்பட்டது.

இவற்றை ஒப்பிட்டு நோக்கினால், இருபத்து நான்கு மணி நேரமும் இதயத்தை உளவு பார்ப்பதில் பொருளில்லை. இன்னாருக்கு என்று தெரிந்து, அளவோடு பார்ப்பதில் பொருளுண்டு. 65 வயதைக் கடந்தவர்; இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ள ஐம்பது வயதுக்காரர்; வால்வு நோய் உள்ளவர்; முன்பே பக்கவாதம் வந்து மீண்டவர். இவர்கள் வாரம் இருமுறையும், படபடப்பு தோன்றும்போதும் பார்த்தால் போதும். முப்பது வயதில் நலமாக உள்ளவர் நாளுக்குப் பத்து முறை இசிஜி எடுத்தால் கிடைப்பது மனக்கலக்கம் மட்டுமே.

கண்டறிந்தபின்

கண்டறிந்த பலன் முழுவதும் அதன்பின் நடப்பதில் இருக்கிறது. மருத்துவர் பன்னிரு பதிவு இசிஜி எடுத்து உறுதி செய்து, வால்வைப் பார்க்க எக்கோ பரிசோதனையும், தைராய்டுக்கான இரத்தப் பரிசோதனையும் எழுதுவார். பிறகு ஒரு மதிப்பெண் கணக்குப் போடுவார். இதயத் தளர்ச்சி, இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தக் குழாய் நோய் இவற்றுக்கு ஒவ்வொன்று. 65 முதல் 74 வயதுக்கு ஒன்று, 75-க்கு மேல் இரண்டு. முன்பு பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. 68 வயதில், அழுத்தமும் சர்க்கரையும் உள்ள ஓய்வுபெற்ற எஸ்டேட் கண்டக்டர் ஒருவருக்கு மூன்று வரும். இரண்டும் அதற்கு மேலும் வந்தால் பொதுவாக உறைதடுப்பு மருந்து வேண்டும். முறையாக உட்கொண்டால் பக்கவாத வாய்ப்பை மூன்றில் இரண்டு பங்கு வரை குறைப்பது இம்மருந்தே. இதற்கு மாற்றாக ஆஸ்பிரினைத் தாமே விழுங்குவோர் உளர். ஆஸ்பிரின் இவ்வேலைக்கு உதவாது.

மருந்து இரு வகைப்படும். அப்பிக்சபான், டாபிகட்ரான், ரிவரொக்சபான் போன்ற புதியவற்றுக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டாம். பழைய வார்ஃபரின், அசினோகூமரால் ஆகியவற்றுக்கு ஐ.என்.ஆர். என்னும் பரிசோதனையை அவ்வப்போது செய்து அளவைத் திருத்த வேண்டும். மலைப்பகுதியில் புதியவை எளிது என்று தோன்றும். பலருக்கு அது உண்மையே. ஆனால் ருமாட்டிக் வால்வுச் சுருக்கம் உள்ளவர்களுக்கு அப்படியன்று. இந்தியா உட்பட 24 நாடுகளில் நடந்து 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், இத்தகையோருக்கு ரிவரொக்சபானைவிட வார்ஃபரின் வகையே மேலென்று தெரிந்தது. உயிரிழப்பும் அதில் குறைவு. செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் பழைய மருந்தே. "பக்கத்து வீட்டு அக்கா இரத்தப் பரிசோதனை இல்லாத மாத்திரை சாப்பிடுகிறார்கள், எனக்கும் அதையே தாருங்கள்" என்று கேட்பதற்கு முன் எக்கோ முடிவைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

உறைதடுப்பு மருந்து உண்போர் முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. வயிற்றில் இரத்தக் கசிவு நேரலாம். வார்ஃபரின் உண்போர் முருங்கைக் கீரையை விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் நாள்தோறும் உண்டு மறுவாரம் அறவே விடுவதுதான் ஐ.என்.ஆரைக் குலைக்கும். மழைக்காலத்தில் தோட்டத்தில் அட்டை கடித்தால் வழக்கத்தைவிட நெடுநேரம் குருதி வழியும். அட்டையின் உமிழ்நீரிலேயே இரத்தத்தை உறையவிடாத ஹிருடின் என்னும் பொருள் இருக்கிறது. துணியால் பத்து, பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நிற்கும். அதற்கு அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடுவதே பெரிய கேடு.

எல்லைப்புறத்துக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. இங்குள்ளவர் இம்மாதம் அடிமாலியிலும், அடுத்த மாதம் மகள் வீட்டுக்குச் சென்ற இடத்தில் போடியிலும் மருத்துவரைப் பார்ப்பார். மறையூர்க்காரர் உடுமலைப்பேட்டைக்கும், கொழிஞ்சாம்பாறைக்காரர் பொள்ளாச்சிக்கும் செல்வார். ஒரே மருந்து இரு மாநிலக் கடைகளிலும் இரு வணிகப் பெயர்களில் கிடைக்கும். பழையதும் புதியதுமாக இரண்டையும் சேர்த்து விழுங்கினால் இரத்தக் கசிவு. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று என்று எண்ணி இரண்டையும் விட்டால் பக்கவாதம். அட்டையில் கொட்டை எழுத்தில் உள்ள பெயரைவிட, அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரையே குறித்து வைக்க வேண்டும்.

வங்கி வாடிக்கையாளர் என்ற முறையில் இன்னொரு செய்தி. மேலறை நடுக்கம் உறுதியானபின் புதிதாக மருத்துவக் காப்பீடு எடுப்பவர் அதை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். 2024-இல் வந்த விதிகளின்படி, முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களைத் தாண்டக் கூடாது. எழுதாமல் விட்டது பின்னர் தெரிந்தால், இழப்பீடு மறுக்கப்படும் நிலை எழும்.

ஆகவே கருவியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். வங்கிக் கணக்கேடு போலவே கோடு போட்டுக்கொள்ளலாம்: நாள், நேரம், நிமிடத்திற்கு எத்தனை துடிப்பு, சீரா சீரற்றதா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம், அன்று மாத்திரை உட்கொண்டோமா. சீரற்ற பதிவு கிடைத்தால் அதை அச்செடுத்து, நாளும் பெயரும் எழுதி அதே புத்தகத்தில் ஒட்டிவிட வேண்டும். கைபேசி மாறலாம், தொலையலாம். கடைசிப் பக்கத்தில் மருந்தின் மூலப்பெயர், அளவு, கடைசி ஐ.என்.ஆர்., எக்கோ முடிவு ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி வைப்பது நல்லது. கேரள மருத்துவரும் தமிழ்நாட்டு மருத்துவரும் ஒருங்கே படிக்கக்கூடிய பக்கம் அதுவாகவே இருக்கும். குடும்பாரோக்கிய மையத்தில் இரத்த அழுத்தம் பார்க்கும் நாளில் இப்புத்தகத்தை நீட்டி, நாடியையும் ஒரு நிமிடம் பார்க்குமாறு செவிலியரிடம் கேட்கலாம்.